துளசி போட்ட ரம்

புதிதாக பார் கவுண்டருக்குப் பின்னால் வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் ஆட்கள் இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். முட்டி தேய்ந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனிடம் கேட்டால் புலம்பல்தான் கிடைக்கும். பரவாயில்லை என்றால் படியுங்கள்.

ரம் எத்தனை அளவு, எலுமிச்சை எத்தனை அளவு, எதைக் குலுக்க வேண்டும், எதைக் கலக்கினால் போதும் என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் கேட்டரிங் கல்லூரியில் சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டால் போனில் பார்த்துக்கொள்வீர்கள். சர்க்கரைப் பாகைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு. கரைந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் இலையைப் போட்டு மூட வேண்டும். இலையைப் போட்டுக் கொதிக்கவிட்டால் அது பாகு இல்லை, சளிக்குக் குடிக்கிற கஷாயம். இந்த ஒன்றுகூடத் தெரியாமல் பெரிய பெரிய ஹோட்டல்களிலிருந்து ஆள் வந்து எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். போகட்டும்.

நான் சொல்ல வந்தது அந்தப் பாகில் போடுகிற இலையைப் பற்றி.

இராயபுரத்தில், துறைமுக வாசலுக்குக் கிட்டத்தில் இருந்த ஒரு பாரில்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். கப்பலிலிருந்து இறங்கியவர்கள், லாரி செட்டுக்காரர்கள், மீன் ஏலம் எடுக்கிறவர்கள் எல்லாரும் வருவார்கள். மாடியில் ஒரு ஹால் உண்டு. படகு வாங்கினால் பார்ட்டி, பதவி உயர்வு என்றால் பார்ட்டி, ரிட்டையர்டு ஆனாலும் பார்ட்டி. அந்த ஹாலில் குடிக்கிறவனும் குடிக்காதவனும் ஒரே மேசையில்தான் உட்காருவான். குடிக்காதவன் பாடுதான் அங்கே பேஜாரு. "நான் குடிக்கிறதில்ல" என்று ஒருவன் வாய் திறந்து சொல்லிவிட்டால் பக்கத்தில் இருக்கிற பத்துப் பேருக்கும் அன்றைக்கு வேறு வேலை இருக்காது. "இன்னா மாமு, டாக்டரு சொல்லிட்டாரா, வூட்டுல சொல்லிட்டாங்களா?" என்று ஆரம்பித்து, "ஒண்ணே ஒண்ணு, எனக்காக" என்று வந்து நிற்பார்கள். தாங்கவே முடியாது.

ஒருமுறை அந்த ஹாலில், சபரிமலைக்கு மாலை போட்டிருந்த ஒருத்தருக்கு அவருடைய தோஸ்து விளையாட்டாக எலுமிச்சை ஜூஸில் வோட்காவைக் கலந்து கொடுத்துவிட்டான். மாலை போட்டவர் ஒரு வாய் குடித்தார். புரிந்ததும் கிளாஸை வீசினார். ஒருவனுக்கு நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. அதைவிட மோசம், மாலை போட்டவர் படிக்கட்டில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுததுதான். அடுத்த நாள் எங்கள் பார் கேப்டன், எங்களையெல்லாம் மேய்க்கிறவர், பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, ஒரு கொத்து துளசியை வாங்கிவந்து ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "இனிமே சரக்கு இல்லாத கிளாஸ்ல இந்த இலைய போடு. துளசி இருந்தா சரக்கு இல்ல. சரக்கு இருந்தா துளசி இல்ல. இத்த எவனாவது மாத்துனான், அப்புறம் இங்க வேலைக்கு வர வேணாம்" என்றார்.

அவ்வளவுதான் விதி. எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் அது நின்றது. ஏனென்றால், காலையில் சாமி படத்துக்கு வைக்கிற இலையைச் சரக்கில் போட எங்கள் பக்கத்தில் எப்பேர்ப்பட்ட குடிகாரனுக்கும் கை வராது. கோயிலுக்குப் போகிறவர்கள் மட்டும் இல்லை. சர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்களும் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டார்கள். வேலை மாறிப் போன பையன்களோடு இந்தப் பழக்கமும் போனது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் எந்தப் பார்ட்டிக்குப் போனாலும், குடிக்காதவன் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். தட்டு வரும். இலை இருக்கிற கிளாஸை எடுத்துக்கொள்வான். பக்கத்தில் இருக்கிறவனுக்கு அது கலர் கலராக ஏதோ ஒரு டிரிங்க். கணக்குத் தெரிந்தவனும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டான். கேள்வி இல்லை, கிண்டல் இல்லை. இதைவிட மரியாதையான ஒரு வேலையை நம் தொழிலில் நான் பார்த்ததில்லை.

இப்போது தேசிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கப்பல் கட்டும் யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். நான் திருவொற்றியூரில் ஒரு பாரில் இருந்தபோது தினமும் வருவான். ஷிப்ட் முடிந்து குளித்து, தலை வாரி, சுத்தமாக வருவான். போகும்போது இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள். நல்ல மனுஷன், யாரிடமும் சண்டை கிடையாது. தன்னைத்தானே கரைத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். ஊற்றிக் கொடுத்தவன் நான்தான். நம் வேலை அது. அதைப் பற்றி உங்களுக்கு நான் உபதேசம் செய்யப் போவதில்லை.

திடீரென்று அவன் வருவது நின்றது. பிறகு ஒருநாள் தேரடியில் எதிரே வந்தவன் என்னைப் பார்த்ததும் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனான். எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச தூரம் போனவன், மனசு கேட்காமல் திரும்பி வந்தான்.

"நைனா, தப்பா எடுத்துக்காத. உன் மூஞ்சிய பாத்தாலே எனக்கு பாட்டிலு கண்ணுல வந்து நிக்குது. கொஞ்ச நாளைக்கு நீ அந்தாண்ட போ, நான் இந்தாண்ட போறேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "எங்கடா போய் வந்த?" என்றேன்.

"குடிய நிறுத்த ஆஸ்பத்திரில சேத்தாங்க. கம்பெனில மஞ்சக்காமாலைன்னு சொல்லிகீறேன். உன்னாண்ட மட்டும்தான் நெசத்த சொல்றேன். வூட்டுல மஞ்சு சொல்லிட்டா நைனா. இன்னொரு தபா வாசம் வந்துச்சுன்னா, பொண்ண கூட்டிகினு மீஞ்சூருக்கு அவங்க அம்மா வூட்டுக்கு போயிடுவாளாம். இந்த வாட்டி சும்மா சொல்லல. துணியெல்லாம் எடுத்து வெச்சிட்டா."

அதற்குப் பிறகு அவனை எங்கே பார்த்தாலும் நானே ரோட்டைக் கடந்துவிடுவேன்.

நான் கடைசியாக வேலை பார்த்தது எண்ணூர் பக்கத்தில் ஒரு ஹோட்டலில். யார்டு, மின்நிலையம், கன்டெய்னர் கம்பெனி என்று சுற்றிலும் இருக்கிறவர்களின் விழாக்களை நம்பி நடக்கிற ஹோட்டல். நான் பார் கேப்டன். ஒருநாள் மேலிடத்திலிருந்து ஒரு ஆலோசகரை அனுப்பினார்கள். மும்பையிலிருந்து வந்த இளைஞர். கெட்டவர் இல்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். கை சுத்தம், ருசி பார்க்கிற நாக்கு அதைவிடச் சுத்தம். எங்கள் மெனுவைப் பார்த்துவிட்டு, ஊருக்கென்று ஒரு டிரிங்க் வேண்டும் என்றார். வெள்ளை ரம், அன்னாசிச் சாறு, இளநீர், எலுமிச்சை, அதில் துளசிப் பாகு. மேலே ஒரு துளசிக் கொத்து.

நான் எங்கள் கணக்கைச் சொன்னேன். இந்தப் பக்கத்தில் துளசி என்றால் சரக்கு இல்லை என்று அர்த்தம் சார், புதினா போடலாம், எலுமிச்சம்புல் போடலாம், கற்பூரவல்லிகூட ரம்மோடு நன்றாக நிற்கும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மும்பையில் எல்லா பாரிலும் துளசி போடுகிறார்கள், யாருடைய மனமும் புண்படவில்லை என்றார். மனம் புண்படுகிற விஷயம் இல்லை சார், இது அடையாளம் என்றேன். அது அவருக்குப் புரியவே இல்லை. மேனேஜருக்குப் புரிந்தது. ஆனால் அவர், "புதுசா ஏதாவது செஞ்சாத்தான் வியாபாரம், கேப்டன். ஒரு போர்டு வெச்சிடலாம்" என்று முடித்துவிட்டார். சரி என்றேன். அந்த வயதில் எல்லாவற்றுக்கும் சண்டை போட உடம்பில் தெம்பு இருப்பதில்லை.

டிரிங்க் நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. துளசியின் காரமும் அன்னாசியின் புளிப்பும் சேர்ந்து ரம்மின் வாடையை முழுசாக மறைத்துவிட்டன. மூக்குக்கு ஜூஸ், தொண்டைக்குப் போன பிறகுதான் ரம்.

அந்த வாரமே யார்டுக்காரர்களின் பகல் விருந்து வந்தது. பாதுகாப்பாக வேலை செய்தவர்களுக்கு விருது கொடுக்கிறார்கள். ஹாலின் இடது மேசையில் ரம் போட்டது, வலது மேசையில் ரம் போடாதது. இரண்டுக்கும் ஒரே மஞ்சள் நிறம், ஒரே உயரக் கிளாஸ், இரண்டிலும் துளசி. இடது மேசையில் ஒரு சின்ன போர்டு. தலைமை விருந்தாளி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். "எல்லார் கையிலயும் கிளாஸ் இருக்கணும், ஜல்தி" என்று மேனேஜர் பதறினார். பையன்கள் இரண்டு மேசையிலிருந்தும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்கள். தட்டு மேசையை விட்டுக் கிளம்பிய பிறகு போர்டை யார் படிக்கிறார்கள்? நானும் ஒரு தட்டைத் தூக்கினேன். ரம் போட்ட தட்டு. கேட்டவர்களுக்குச் சொல்லித்தான் கொடுத்தேன். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அப்போது மேடையில் பெயர் வாசித்தார்கள். தேசிங்கு.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. முகம் தெளிந்திருந்தது, கன்னத்தில் சதை பிடித்திருந்தது. எனக்கு மனசுக்குள் ஒரு சந்தோஷம். அவன் வலது கையில் விருதாகக் கொடுத்த கண்ணாடிச் சிலை, இடது கையில் ஒரு கிளாஸ். துளசிக் கொத்து தெரிந்தது. எந்தத் தட்டிலிருந்து எடுத்தான் என்று எனக்குத் தெரியாது. கம்பெனியின் பெரிய மனுஷன் அவனைப் பக்கத்தில் நிறுத்தி, தோளில் கை போட்டு, மைக்கைப் பிடித்துப் பேசிவிட்டுக் கிளாஸை உயர்த்தினார். எல்லாரும் உயர்த்தினார்கள். தேசிங்கும் உயர்த்தினான். குடித்தான்.

அவன் தொண்டை அசையவில்லை.

இதை நான் கவனித்தது என் சாமர்த்தியம் இல்லை. அவனுக்கு எத்தனையோ நாள் ஊற்றிக் கொடுத்தவன் நான். அவன் விழுங்குகிற விதம் எனக்குத் தெரியும். கன்னம் உப்பியிருந்தது. கண் ஒரே இடத்தில் நின்றது. ரம் வாய்க்குள் இருக்கிறது. துப்பினால் பெரிய மனுஷன் முகத்துக்கு நேராக, அத்தனை போன்கள் படம் பிடிக்கிற இடத்தில் துப்ப வேண்டும். விழுங்கினால் ஆஸ்பத்திரியில் பட்ட பாடெல்லாம் போச்சு. பக்கத்தில் இருக்கிறவர் பேசி முடிக்கிற மாதிரித் தெரியவில்லை. அவனிடம் மைக்கைக் கொடுக்கப் போகிறார் என்று மட்டும் தெரிந்தது.

இந்த மாதிரி நேரத்தில் யோசிக்க இடம் இருக்காது, பிள்ளைகளா. இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர்கள் ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். "தேசிங்கு, அது சரக்குடா, துப்பு" என்று கத்தியிருக்கலாம். மஞ்சள்காமாலை என்று அவன் மறைத்தது அத்தனை பேருக்கு முன்னால் உடைந்திருக்கும். குடிக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தவன் என்று தெரிந்தால் கிரேனில் ஏற்றுவார்களோ மாட்டார்களோ. பையனை அனுப்பினால் அவன் போய்ச் சேர்வதற்குள் மைக் கைக்கு வந்துவிடும். நான் தட்டோடு மேடையில் ஏறினேன். நேராகப் போய் அவன் மேலேயே சாய்த்துவிட்டேன். மூன்று நான்கு கிளாஸ், அத்தனையும் அவன் சட்டையில். பெரிய மனுஷன் கோட்டிலும் கொஞ்சம் தெறித்தது.

"சாரி சார், கால் தடுக்கிடுச்சு" என்று சொல்லி, தேசிங்கின் முழங்கையைப் பிடித்து, துடைக்கிற சாக்கில் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனேன். முதுகுக்குப் பின்னால் மேனேஜர் யாரிடமோ சொல்வது கேட்டது: "பெருசுக்கு கை நடுங்குது சார். அவரே ஒண்ணு ரெண்டு போட்டிருப்பாரு போல." நான் வாழ்க்கையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு சொட்டு குடித்ததில்லை. இருக்கட்டும். அதை அன்றைக்கு நிரூபிக்க நேரமில்லை.

பாத்ரூமில் வாஷ்பேசினில் அவன் துப்பினான். தண்ணீரை வாரி வாரிக் கொப்பளித்தான். விரலால் நாக்கைத் தேய்த்தான். பிறகு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நன்றி சொல்லப் போகிறான் என்று நான் நினைத்தேன். மனுஷ புத்தி.

"ஏன் நைனா வந்த?" என்றான்.

"இன்னாடா கேக்கற?"

"நான் முழுங்கத்தான் இருந்தேன். இலைய பாத்துத்தான் எடுத்தேன், சத்தியமா. வாயில வெச்சதும் தெரிஞ்சிபோச்சு. அப்போ எனக்கு பயம் வரல நைனா. சந்தோஷம் வந்துச்சு. நானா தேடி போவல, தானா வந்துச்சு, என் மேல தப்பு இல்ல, மஞ்சுவால ஒண்ணும் கேக்க முடியாதுன்னு. எத்தினி நாளு இதுக்காகவே காத்துகினு இருந்தேன் போலகீது." ஒரு கை தண்ணீரை வாரி முகத்தில் அடித்துக்கொண்டான். "நீ மட்டும் வர்லன்னா முழுங்கி இருப்பேன். இன்னொண்ணும் எடுத்து இருப்பேன்."

எத்தனையோ பேரைக் கை நடுங்கப் பார்த்திருக்கிறேன், வாந்தி எடுக்கப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவன் தன்னைத்தானே திறந்து காட்டி நான் பார்த்ததில்லை. அவன் முதுகில் கை வைத்தேன். அப்போதுதான் எனக்கே வாசம் வந்தது.

ரம் வாசம். பாகு, அன்னாசி எல்லாம் துணியில் ஊறி அடங்கிவிட்டன, ரம் மட்டும் மேலே வந்து நிற்கிறது. அவசரத்தில் கையில் இருப்பது ரம் தட்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. தண்ணீர் ஜாடி ஒன்று மேடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை எடுத்துச் சாய்த்திருந்தால் போதும். ரம் வாயில் வைத்ததால் மூச்சிலும் வாசம். சட்டையில் வாசம். அவன் வீட்டு வாசலில் எதைக்கொண்டு போய் நிறுத்தக் கூடாதோ அதை நானே அவன் மேல் ஊற்றி வைத்திருக்கிறேன்.

அவனுக்கும் அது புரிந்தது. "மஞ்சு நம்ப மாட்டா" என்றான்.

"நான் வந்து சொல்றேன்."

"நீயா?" என்று என்னைப் பார்த்தான். அவன் கேட்டதில் தப்பில்லை.

மேனேஜரிடம் சொல்லாமல் பின்வாசல் வழியாகக் கிளம்பினேன். என் வேலை வாழ்க்கையில் விருந்து நடக்கும்போது நான் கவுண்டரை விட்டுப் போனது அந்த ஒரு தடவைதான். ஷேர் ஆட்டோவில் ஏறினோம். உள்ளே மீன் கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஏறியதும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "பட்டப்பகல்லயே ஆரம்பிச்சிட்டானுங்க, கலீஜ் பசங்க" என்று வெளியே பார்த்துச் சொன்னார். மீன் கூடையைத் தாண்டி எங்கள் நாற்றம் அவருக்கு எட்டியிருக்கிறது. வேறொரு நாளாக இருந்தால் தேசிங்கு சிரித்திருப்பான். விருதுக்குக் கொடுத்த கண்ணாடிச் சிலையை மடியில் வைத்துக்கொண்டு, கவிழ்ந்த தலை நிமிராமல் வந்தான்.

எர்ணாவூரில், குடியிருப்பின் இரண்டாவது மாடியில் வீடு. அவன் பெண்டாட்டி மஞ்சுளாதான் கதவைத் திறந்தாள். அவள் கண் முதலில் சட்டைக்குப் போனது, பிறகு என் பார் யூனிபார்முக்கு. முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஊது" என்றாள்.

அவன் ஊதினான். அவள் உள்ளே திரும்பி, பீரோ மேலிருந்து பையை இறக்கினாள்.

"அம்மாடி, ஒரு நிமிஷம் நான் சொல்றத கேளு" என்று வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இலை, பாகு, மேடை, நான் சாய்த்தது எல்லாம். அவன் துப்பியதை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவள் பையை இறக்கி வைத்த இடத்திலேயே நின்று கேட்டாள்.

"இத்தன வருஷம் இந்த ஆளுக்கு ஊத்தி குடுத்தவரு நீங்க. இப்போ குடிக்கலன்னு சாட்சி சொல்லவும் நீங்களே வந்துகீறீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப் போய்ச் சொன்னாள்.

பையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "உள்ள வந்து குந்துங்க, ரெண்டு பேரும்" என்றாள். "ஒண்ணு உள்ள போச்சுன்னா இந்த ஆளுக்கு வூட்டுல காலு நிக்காது. பீடி வாங்கணும்னு போவாரு. போனுக்கு சார்ஜு இல்ல, கடையில போட்டுகினு வரேன்னு போவாரு. எவனோ கூப்ட்டான்னு போவாரு. இன்னிக்கு எங்கயும் போவாம குந்தட்டும். பொழுது சாயட்டும். அப்புறம் நான் நம்பறேன். நீங்களும் குந்துங்க அண்ணா. சாட்சின்னு வந்தீங்க இல்ல?"

உட்கார்ந்தோம். தரையில், சுவரில் சாய்ந்துகொண்டு. அவன் சட்டையைக் கழற்றிக் கதவுப் பக்கத்தில் போட்டுவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டான். வீடு முழுக்க ரம் வாசம். மஞ்சுளா கத்திரிக்காய் நறுக்க ஆரம்பித்தாள். என் போன் அடித்துக்கொண்டே இருந்தது, மேனேஜர். எடுக்கவில்லை. என் முட்டி வலி உயிரை எடுத்தது. எழுந்து காலை நீட்டலாம் என்றால் வெட்கமாக இருந்தது.

கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "தேசிங்கு, ப்ரைஸ் வாங்கிட்டியாமே. எறங்கி வாப்பா, ஒரு டீ அடிச்சிட்டு வரலாம்."

மஞ்சுளா நறுக்குவதை நிறுத்தவில்லை. ஆனால் கத்தியின் சத்தம் மெதுவாகியது. தேசிங்கு சுவரைப் பார்த்துக்கொண்டே, "வர்ல. தூக்கமா கீது" என்று உரக்கச் சொன்னான்.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. திடீரென்று அவன் எழுந்தான். கதவுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தான். கத்தி நின்றது. நான் அவன் வேட்டியைப் பிடித்து இழுக்கலாமா என்று நினைத்தேன். அவன் நின்றான். நெற்றியெல்லாம் வேர்வை. கதவையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றான் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு திரும்பி, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தான், இன்னொரு சொம்பு குடித்தான், வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தான். மஞ்சுளா வந்து அவன் பக்கத்தில் ஒரு தலையணையை வைத்துவிட்டுப் போனாள்.

அவர்கள் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்தது. உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுருக்கி அம்மாவைப் பார்த்தது. "அப்பா குடிக்கல. சட்டையில கொட்டிகிச்சு" என்றாள் மஞ்சுளா. பெண் கண்ணாடிச் சிலையை எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, டிவி மேல் வைத்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

பொழுது சாய்ந்தது. மஞ்சுளா எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். பையைத் திரும்பவும் பீரோ மேல் ஏற்றினாள். பிறகு அந்தச் சட்டையை எடுத்துப் பக்கெட்டில் முக்கி, சோப்பு போட்டுக் கும்ம ஆரம்பித்தாள். தேசிங்கு சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டான். சரி, நம் வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று நான் கையை ஊன்றி எழுந்தேன்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"அந்த இலைய நம்பி எடுத்தவரு இந்த ஆளு ஒருத்தர்தானா? அவ்ளோ பெரிய கூட்டத்துல மத்தவங்க எத்தினி பேரு அப்பிடி எடுத்தாங்க?"

"தெரியலம்மா."

அவள் சட்டையைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிழிந்தபடி என்னைப் பார்த்தாள். "தெரியலயா, பாக்கலயா?"

அந்த ஹால் அப்போதுதான் எனக்கு முழுசாகக் கண்ணில் வந்தது. அத்தனை கை, அத்தனை கிளாஸ், எல்லாவற்றிலும் இலை. எனக்குத் தெரிந்த ஒரே ஒரு முகத்தைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவனை இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துவிட்டேன். தட்டுகள் அங்கே சுற்றிக்கொண்டேதான் இருந்திருக்கும். பெயர் வாசிக்கப்படாதவர்கள், மேடையில் ஏறாதவர்கள், என்னிடம் நெசத்தைச் சொல்லாதவர்கள் எத்தனை பேரோ. அதில் எவன் சந்தோஷமாக விழுங்கினானோ, எந்த வீட்டில் அன்றைக்கு எந்தப் பை இறங்கியதோ.

"பாக்கலம்மா" என்றேன்.

அவள் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினேன்.